சுங்குடிக் குறும்படம்: பாதிக் கூட்டம் எழுந்து போனதைப் பற்றி

தெற்குவாசல் (ஞாயிறு, இரவு 10.15)

இன்று மாலை தல்லாகுளத்தில் ஒரு மாடிக் கூடத்தில் திரையிட்ட சுங்குடிப் படத்தைப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். மனத்தில் இருப்பதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

பார்க்காதவர்களுக்காகப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டு, சாயம் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்து எடுக்கும் நம் மதுரைச் சுங்குடியைப் பற்றிய படம். மொத்தம் 19 நிமிடம். முதல் 12 நிமிடம் ஒரே காட்சி. கேமரா அசையவே இல்லை. மடித்த வெள்ளைத் துணி, இரண்டு கைகள், ஒரு நூல்கண்டு. கை துணியை நகத்தால் கிள்ளித் தூக்குகிறது, நூலைச் சுற்றுகிறது, இறுக்குகிறது, அடுத்த புள்ளிக்குப் போகிறது. அந்தப் பெண்ணின் முகம் கிடையாது. பேச்சு, இசை எதுவும் கிடையாது. பிறகு திரை இருண்டுவிடுகிறது. நான்கு நிமிடம் வெறும் இருட்டு. தண்ணீர் கொட்டும் சத்தம், துணியைப் பிழியும் சத்தம், ஈரத் தரையில் யாரோ நடக்கும் சத்தம். கடைசி மூன்று நிமிடம் திரை முழுக்கச் சிவப்புத் துணி. இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறிக்கின்றன, வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்புகின்றன. அவ்வளவுதான் படம்.

எண்பது நாற்காலி இருக்கும். தொடங்கும்போது கூடம் நிறைந்திருந்தது. விளக்கு எரிந்ததும் திரும்பிப் பார்த்தேன், பாதிக்கு மேல் காலி. மிச்சம் இருந்தவர்களில் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர் "இதற்குப் பெயர் படமா?" என்று உரக்கக் கேட்டார். இயக்குநர் சின்னப் பெண். மேடையேறி வணக்கம் வைத்தார், ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டார்.

நான் கடைசிவரை இருந்தேன். கோபத்தோடு இருந்தேன். மெதுவான படங்களுக்கு நான் எதிரி இல்லை. 2024 ஆகஸ்டில் கொட்டுக்காளி வந்தபோது, பின்னணி இசையே இல்லாத அந்தப் படத்தைச் சுற்றிலும் முணுமுணுப்புக் கேட்கக் கேட்க முழுதாகப் பார்த்தவன். ஆனால் அதில் மனிதர்கள் இருந்தார்கள். ஆட்டோவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்த ஒரு குடும்பமும் அவர்களுடைய வன்மமும் அந்தப் பெண்ணின் பிடிவாதமும் இருந்தன. இங்கே என்ன இருக்கிறது? வேலை செய்கிறவளின் தலையை நீக்கிவிட்டுக் கையை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலில்கூட அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஒளிப்பதிவு செய்தவர் பெயர் இருக்கிறது, வண்டி ஓட்டியவர் பெயர் இருக்கிறது. முடிச்சுப் போட்டவள் பெயர் இல்லை. இதை எப்படிக் கலை என்று ஏற்றுக்கொள்வது?

விளக்குத்தூண் (ஞாயிறு, இரவு 10.50)

நானும் வந்திருந்தேன். இருட்டான இடத்தில் எழுந்து வந்துவிட்டேன். முதலில் கருவி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் ஒருவர் "கரண்ட் போய்விட்டதா?" என்று கேட்டார். மேலே பார்த்தேன், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இது வேண்டுமென்றே செய்தது என்று புரிந்தது. அந்த நிமிடமே எழுந்துவிட்டேன். திருமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவனுக்கு நான்கு நிமிட இருட்டைக் காட்டினால் நான் வேறென்ன செய்ய?

திருநகர் வாசகி (ஞாயிறு, இரவு 11.30)

கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இன்னொரு முறை போட்டால் இன்னொரு முறையும் போவேன்.

முதல் மூன்று நிமிடம் எனக்கும் பொறுமை இல்லை. கைப்பேசியை ஒரு முறை எடுத்துப் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. நான்காவது ஐந்தாவது நிமிடத்தில் என்னவோ மாறியது. வலது ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு ஒன்று கண்ணில் பட்டது. பிறகு வரிசை முடிந்து துணியைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கை ஒரு கணம் நிற்பதைப் பார்த்தேன். பிறகு நூல்கண்டு. தொடக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, பன்னிரண்டாவது நிமிடத்தில் நெல்லிக்காய் அளவு. அந்தப் படத்தில் கடிகாரம் என்றால் அந்த நூல்கண்டுதான். அதை நானே கண்டுபிடித்தேன், யாரும் காட்டித் தரவில்லை. அந்தச் சந்தோஷத்தை எத்தனை படம் எனக்குக் கொடுத்திருக்கிறது?

தெற்குவாசல் அண்ணன் முகம் கேட்கிறார். முகம் இருந்திருந்தால் நாம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இவள் சோகமாக இருக்கிறாளா, களைத்திருக்கிறாளா, வீட்டில் என்ன பிரச்சினை என்று தேடியிருப்போம். கை ஒதுங்கிப் போயிருக்கும். சினிமாவில் நமக்குப் பழக்கமே அதுதான், முகம் அழுதால் நாமும் அழுவது. இந்தப் படம் அந்தப் பழக்கத்தைப் பிடிவாதமாக மறுத்தது.

இது புதிய வழியும் அல்ல. சினிமா பிறந்ததே இப்படித்தான். 1895 இல் லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலை வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வரும் ஆட்களைப் படம் எடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத படம், கேமரா அசையவில்லை. 1975 இல் பெல்ஜியத்தின் ஷாந்தால் அகர்மான், ஒரு குடும்பத் தலைவி உருளைக்கிழங்கு தோலுரிப்பதையும் படுக்கை விரிப்பதையும் வெட்டாமல் காட்டி 201 நிமிடப் படம் எடுத்தார். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அதற்கும் எழுந்து போனவர்கள் இருந்தார்கள். 2022 இல் பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அந்தப் படம்தான் முதலிடத்துக்கு வந்தது. எழுந்து போவதால் ஒரு படம் தோற்றுவிடுவதில்லை.

மேலூர் (திங்கள், காலை 6.40)

வாசகி அக்காவுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன வரலாறு சரி. ஆனால் நம் ஊர்ச் சுங்குடிக்கு நியாயம் கேட்க பெல்ஜியம் வரை போகும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழுந்து போனவர்கள் பழக்கமில்லாத கூட்டம் என்று ஒரு பேச்சு அதற்குள் ஒளிந்திருக்கிறது. மதுரைக்கு இது பழக்கமில்லாத ஊரா? 1998 முதல் இங்கே ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் விழா நடத்தியிருக்கிறார்கள். அதில் தரையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். கூழாங்கல் படம் 2021 இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கியபோது, அதை எடுத்தவர் எங்கள் பக்கத்துக்காரர், வெயிலில் நடக்கிற அந்தப் பொட்டல் எங்கள் பொட்டல் என்று ஊரே பேசியது. அந்தப் படத்திலும் பேச்சு குறைவு, நடைதான் அதிகம்.

ஆகவே ரசனை இல்லாததால் போனார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நானும் ஒன்பதாவது நிமிடத்தில் வெளியே போய் நின்றேன். என் அக்கா பீடி சுற்றினவள். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அவளுடைய முறமும் இலைத்தூளும் நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது. சலிப்பால் எழுந்தவனும் தாங்க முடியாமல் எழுந்தவனும் நாற்காலியில் ஒரே மாதிரிதான் காலியாகத் தெரிவார்கள்.

சிம்மக்கல் (திங்கள், காலை 8.05)

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நேற்று வரவில்லை. ஆனால் இந்தச் சண்டை எனக்குப் பழையது. அந்தக் காலத்தில் எந்த தியேட்டரிலும் பெரிய படத்துக்கு முன்னால் மத்திய அரசின் படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படம் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். தங்கம் தியேட்டரில் ஆயிரக்கணக்கில் உட்காரும் கூட்டத்தில் பாதி, அந்தப் படம் முடியும்வரை வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்கும். வெள்ளம், பயிர், அணைக்கட்டு என்று ஓடும். நடுநடுவே, 1960களின் கடைசியில், பிரமோத் பதி போன்ற இயக்குநர்கள் அந்த பிலிம்ஸ் டிவிஷனில் இருந்துகொண்டே விசித்திரமான சோதனைப் படங்கள் எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அரசாங்கப் பணத்தில் அப்படியும் எடுத்தார்கள். டீ குடிக்க வெளியே நின்ற நாட்களில் நான் எதை எதை இழந்தேனோ என்று இப்போது நினைப்பதுண்டு. விளக்குத்தூண் தம்பி மறுபடி போட்டால் உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மஹால் தெரு (திங்கள், பிற்பகல் 2.20)

இரண்டு நாளாக, எழுதலாமா வேண்டாமா என்றுதான் இருந்தேன். படம் வருகிறது என்று தெரிந்ததிலிருந்தே மனம் சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

என் அம்மா நாற்பது வருடம் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். நாங்கள் சௌராஷ்டிரர்கள், திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில் வீடு. நான் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் இரண்டு வரிசை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஆகவே இங்கே பேசுகிற எல்லோரையும் விட அந்தப் பன்னிரண்டு நிமிடம் எனக்கு அதிகம் தெரியும் என்று உரிமையோடு சொல்கிறேன்.

எனக்குப் படம் பிடிக்கவில்லை. ஆனால் அண்ணன் சொன்ன காரணத்துக்காக அல்ல. படம் பொய் சொல்கிறது என்பதற்காக.

முதல் பொய், அமைதி. முடிச்சுப் போடுவது அமைதியான வேலையே அல்ல. மதியச் சமையல் முடிந்ததும் நாலைந்து பேர் ஒரு திண்ணையில் கூடுவார்கள். வாய் ஓயாது. யார் வீட்டுக் கல்யாணம், எந்தக் கடைக்காரன் கூலியைப் பிடித்தான், யார் மருமகள் என்ன சொன்னாள், எல்லாம் எங்கள் மொழியில் ஓடிக்கொண்டிருக்கும். ரேடியோ ஒரு பக்கம் பாடும். படத்தில் இருப்பது போல ஒரு பெண் தனியாக, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்து முடிச்சுப் போடுவதை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்த வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்திருப்பேன்.

இரண்டாவது பொய், வேகம். அம்மாவின் கை துணியைப் பார்க்காது. கண் தெருவில் இருக்கும், கை முடிச்சில் இருக்கும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு விரல் தானாகப் போகும். நல்ல சேலை ஒன்றில் ஆயிரக்கணக்கில் புள்ளி, சிலவற்றில் பத்தாயிரத்துக்கும் மேல். அந்த வேகம் இல்லாவிட்டால் கூலி கட்டாது. படத்தில் வருகிற கை பழகிய கை, அதில் சந்தேகமில்லை. கிள்ளுகிற விதத்திலேயே தெரிகிறது. ஆனால் அது மெதுவாக, பயந்து பயந்து வேலை செய்கிறது. வாசகி அக்கா, வரிசை முடிந்ததும் அந்தக் கை ஒரு கணம் நிற்கிறது என்று ரசித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எங்கள் கை நிற்காது. அது பயத்தில் நின்ற கை.

ஆனால் கடைசி மூன்று நிமிடம் வந்ததும் நான் அழுதுவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் அனுப்புகிற ஆள், புள்ளி குறித்த துணியைக் கொண்டுவந்து போடுவார். முடிச்சுப் போட்டு முடித்ததும் வந்து எடுத்துப் போவார். சாயம் முக்குவது வேறு இடம், காய வைப்பது வேறு இடம், முடிச்சை இழுத்து அவிழ்ப்பது வேறு கை. நாற்பது வருடத்தில் அம்மா போட்ட முடிச்சு அவிழ்வதை எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைத் துணியும் கூலியும்தான். நேற்றுத்தான் முதல் முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சட்டியில் பொரி பொரிவது போல ஒரு சத்தம். இத்தனை வயதுக்குப் பிறகு, தெரியாத ஒருவர் எடுத்த படத்தில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்று வாங்கிப் போகிறவற்றில் பெரும்பாலானவை முடிச்சே போடாமல் அச்சடித்தும் மெழுகு வைத்தும் புள்ளி எடுத்தவை. முடிச்சுப் போட்டது எது என்று கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கட்டுகிற கைகளும் குறைந்துவிட்டன. அதைப் பற்றிப் படத்தில் ஒரு சொல் இல்லை. அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

தெற்குவாசல் (திங்கள், மாலை 5.10)

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். கை பயத்தில் நின்றது என்ற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் முகம் முகம் என்று பேசிக்கொண்டிருந்தேன். கையிலேயே அவ்வளவும் எழுதியிருந்திருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரிகிறது, வளர்ந்த வீடு அப்படி. கூடத்தில் இருந்த எண்பது பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்களுக்கு ஒரு படி கட்டித் தருவது எடுத்தவரின் கடமை இல்லையா?

திருநகர் வாசகி (திங்கள், மாலை 6.00)

நான் ரசித்தது ஒருவரின் பயத்தை என்று தெரிந்ததிலிருந்து கை ஓடவில்லை. நான் எழுதியதை அழிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த வரியை இப்போது படிக்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

ஒலிப்பதிவு செய்தவன் (திங்கள், இரவு 9.45)

இந்தப் படத்தின் ஒலி என்னுடைய வேலை. இயக்குநரிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்த அளவுக்கு எழுதுகிறேன்.

மஹால் தெரு அக்கா சொன்னது முழுக்கச் சரி. அது பயம்தான்.

முதல் நாள் நாங்கள் போனபோது அந்த அம்மா நன்றாகப் பேசினார். கை நீங்கள் சொன்ன வேகத்தில் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு கூலியைப் பற்றிப் போனது. யார் எவ்வளவு தருகிறார்கள், யார் பிடிக்கிறார்கள் என்று பெயரோடு சொன்னார்கள். மிக நல்ல பதிவு. நான் இதுவரை செய்ததிலேயே நல்ல பதிவு என்றுகூடச் சொல்வேன். அன்று இரவு அவர் மகன் தேடிக்கொண்டு வந்தார். அம்மா அழுகிறார், வேலை போய்விடும் என்று பயப்படுகிறார், அழித்துவிடுங்கள் என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தோம். பிரதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். வருகிறீர்களா, வந்தால் முகம் வேண்டாம், குரல் வேண்டாம், பெயர் வேண்டாம் என்றார். அப்படிப் போய் எடுத்ததுதான் அந்தப் பன்னிரண்டு நிமிடம். அவர் ஒரு சொல் பேசவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்தார். தெற்குவாசல் ஐயா, பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது இதனால்தான். மேடையில் இயக்குநர் பேசாமல் இறங்கியதும் இதனால்தான். பேசினால் முதல் கேள்வியே அது யாருடைய கை என்பதாக இருக்கும்.

இருட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. சாயப் பட்டறையில் கேமராவுக்கு அனுமதி தரவில்லை. மைக்கை மட்டும் கொண்டுபோகலாம் என்றார்கள். வேறு பட்டறை தேடலாம் என்று நான் சொன்னேன். இயக்குநர் மறுத்துவிட்டார். காட்டக் கூடாது என்றால் காட்டக் கூடாது என்பதையே காட்டுவோம் என்றார்.

இதையெல்லாம் படத்தின் முன்னால் ஒரு வரியாகப் போடலாம் என்று நாங்கள் இரண்டு பேர் மன்றாடினோம். அவர் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் எனக்கு இன்றும் அவரோடு உடன்பாடு இல்லை.

தெற்குவாசல் (திங்கள், இரவு 10.20)

தம்பி, நேற்று இரவு நான் எழுதிய ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். பெயரை மறைத்தது அவமதிப்பு என்று நினைத்தேன். அது அவர் கேட்டது. அதை மதித்தவர்களை நான் திட்டியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

ஆனால் அந்த ஒரு வரி? "இந்தப் பெண் தன் முகமும் குரலும் வேண்டாம் என்றார்." இவ்வளவு போதுமே. அந்த வரி இருந்திருந்தால் நான் பன்னிரண்டு நிமிடமும் அந்தக் கையைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து போன நாற்பது பேரில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள்.

திருநகர் வாசகி (திங்கள், இரவு 10.45)

இதில் மட்டும் நான் இயக்குநர் பக்கம்தான், அண்ணன். அந்த வரியைப் போட்டிருந்தால் முதல் நொடியிலிருந்தே பாவம் என்று பார்த்திருப்போம். பன்னிரண்டு நிமிடமும் நம் இரக்கத்தை நாமே தடவிக்கொடுத்துக்கொண்டு, நல்லவர்களாக வீட்டுக்குப் போயிருப்போம். வரி இல்லாததால்தான் ஒருவர் சலித்தார், ஒருவர் கோபப்பட்டார், நான் தப்பாக ரசித்தேன், மேலூர்த் தம்பி வெளியே போய் நின்றார். அந்த அம்மாவின் வேலையை இந்த ஊர் வழக்கமாக எப்படிப் பார்க்கிறதோ அப்படியேதான் கூடத்திலும் பார்த்தோம். நம்மை நமக்குக் காட்டியது அந்த மௌனம்.

மேலூர் (திங்கள், இரவு 11.05)

அக்கா, அது பார்க்கிறவர்களைப் பற்றிய படம் ஆகிவிடுகிறதே. முடிச்சுப் போடுகிறவரைப் பற்றி எடுக்கப் போய், பார்க்கிற நம்மைப் பற்றி முடிவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்த அம்மா வேலை போகும் பயத்தோடு இரண்டாம் முறை கூப்பிட்டாரே, ஏன் கூப்பிட்டார்? அவருக்கு ஏதோ பதிவாக வேண்டும் என்று இருந்திருக்கிறது. அது நம் சலிப்பைச் சோதிப்பதற்காக இருக்காது.

மஹால் தெரு (செவ்வாய், காலை 5.50)

முகத்தை மறைத்தால் ஆள் தெரியாது என்று எல்லோரும் நம்புகிறீர்கள். எங்கள் தெருக்காரர்களுக்குக் கையைப் பார்த்தாலே தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது. சொல்ல மாட்டேன். துணி வாங்கிப் போகிற ஆளுக்கும் தெரியும். இருபது வருடமாக அந்தக் கையிலிருந்து வாங்குகிறவர் அவர்.

ஆகவே அந்த அம்மா முகம் வேண்டாம் என்றது அவரிடமிருந்து ஒளிந்துகொள்ள அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் போய், "நான் ஒன்றும் பேசவில்லையே, வேலைதானே செய்தேன்" என்று சொல்ல ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். மேலூர்த் தம்பி, ஏன் கூப்பிட்டார் என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் நானும் கூப்பிட்டிருப்பேன். இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஒலிப்பதிவுத் தம்பிக்கு: அமைதியைப் பொய் என்று சொன்னேன். அந்தச் சொல் தப்பு, எடுத்துக்கொள்கிறேன். முடிந்தால் படத்தை எனக்கு அனுப்புங்கள். அம்மாவால் மாடி ஏற முடியாது. வீட்டில் போட்டுக் காட்டுகிறேன்.

விளக்குத்தூண் (செவ்வாய், காலை 9.30)

மைக்கை மட்டும் விட்டார்கள் என்று தெரிந்த பிறகு அந்த நான்கு நிமிடத்தை நினைத்துப் பார்க்கிறேன். நான் கேட்டது ஒன்றும் நினைவில் இல்லை. மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுபடி எங்கே போட்டாலும் தகவல் சொல்லுங்கள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஆனால் ஒன்று, இருட்டு வரப்போகிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன். தெற்குவாசல் அண்ணன் பக்கம்தான் நான்.

மஹால் தெரு (புதன், இரவு 8.40)

அம்மாவுக்கு நேற்று மாலை போட்டுக் காட்டினேன். படம் வந்தது, தம்பிக்கு நன்றி.

கண்ணாடி போட்டுக்கொண்டு மடிக்கணினிக்கு மிகவும் பக்கத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டு நிமிடமும் அசையவில்லை. நடுவில் அவருடைய கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடியில் தானாக அசைய ஆரம்பித்தன. இருட்டில் "இது பிழிகிற சத்தம், ரெண்டு பேர் பிழிகிறார்கள்" என்றார். நான் அதுவரை ஒருவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசியில் முடிச்சு அவிழ்ந்ததும் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நிறுத்து என்றார். நிறுத்தினேன். திரையில் வலது பக்கம் கீழே ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். மற்றதெல்லாம் நல்ல வெள்ளை, அது மட்டும் லேசாக ரோஜா நிறம். "இது இறுகவில்லை, சாயம் உள்ளே போய்விட்டது, இதற்குக் கூலியில் பிடிப்பார்கள்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கை நடுங்கியிருக்கிறது, பாவம்" என்றார். நானும் நீங்களும் மூன்று நாளாகப் பேசினோம், அந்தப் புள்ளியை யாரும் பார்க்கவில்லை.

அந்தத் துணி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

ஒலிப்பதிவு செய்தவன் (புதன், இரவு 9.15)

எங்களிடம்தான் இருக்கிறது, அக்கா. கேமராப் பையிலேயே மடித்துக் கிடக்கிறது. சேலை அல்ல, இரண்டு மீட்டர் துண்டு. அந்த அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று இயக்குநர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்த வாரம் போகிறோம். இரண்டு பேர் பிழிந்தது என்று உங்கள் அம்மா எப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரியவே இல்லை. உண்மையில் இரண்டு பேர்தான்.

மஹால் தெரு (புதன், இரவு 9.30)

அம்மாவிடம் சொன்னேன். கொடுப்பதற்கு முன்னால் முதல் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டுத் தனியாக அலசச் சொன்னார். பையிலேயே மடித்து வைத்தால் சிவப்பு புள்ளிக்குள் இறங்கிவிடுமாம். நிழலில் காய வையுங்கள்.